ஒரு நாட்டில் ரொட்டி, ஒரு நாட்டில் பென்ஷன், நம்மிடம் அரிசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் குரூப் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொருளாதாரம் எடுக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று பல பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். சமூகநலம் என்ற பாடம் வந்தால் மட்டும் வகுப்பு நேரத்துக்கு முடிவதில்லை. எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட் கார்டு இருக்கிறது. யாரோ ஒரு பாட்டிக்கு ஓ.ஏ.பி. (முதியோர் பென்ஷன்) வருகிறது, அல்லது வரவில்லை. கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏழ்மையிலிருந்து கிளம்பிய நாடுகள் ஏன் இவ்வளவு வேறு வேறு நலத்திட்டங்களைக் கட்டின என்பதைச் சுற்றி வருடா வருடம் வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: பணக்கார நாடு நிறையத் தரும், ஏழை நாடு கொஞ்சம் தரும். இதில் ஆராய என்ன இருக்கிறது சார்?

பாதி சரி. காசு இல்லாமல் எதையும் கொடுக்க முடியாது. பிரேசில் தன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வரியாக வாங்கிவிடுகிறது. இந்தியாவில் மத்திய, மாநில வரிகளை எல்லாம் கூட்டினாலும் ஆறில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இந்த இடைவெளியை எந்த அமைச்சரின் நல்ல மனசும் நிரப்பிவிடாது.

ஆனால் காசு வந்த பிறகுதான் திட்டம் வந்தது என்று நினைத்தால் தப்பு. கரும்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாத மொரீஷியஸ் 1950-இல் முதியோர் பென்ஷன் தொடங்கியது. 1958-இல் வருமானம் பார்ப்பதையும் விட்டுவிட்டு வயதானவர் எல்லாருக்கும் கொடுத்தது. இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945-இல், சுதந்திரத்துக்கு முன்பே. நம் மாநிலத்தில் முதியோர் பென்ஷன் 1962-இல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. அன்றைய தமிழ்நாடு பணக்கார மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது. மறுபக்கம் பாருங்கள்: நைஜீரியாவிலும் அங்கோலாவிலும் எண்ணெய் கொட்டிக்கிடந்தது, ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு அதிலிருந்து சொட்டியது மிகக் குறைவு.

கேள்வி: அப்படியானால் முதல் காரணம் என்ன?

அரசாங்கம் முதலில் யாருக்குப் பயந்தது, யார் வேலையை நிறுத்தினால் ஊரே நின்றுபோகும், அவர்களுக்குத்தான் முதல் திட்டம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு கொண்டுவந்தார். ஏழைகள் மேல் இரக்கம் வந்து செய்ததில்லை அது. சோஷலிஸ்ட் கட்சி பக்கம் அவர்கள் போய்விடக் கூடாது என்ற கணக்கு. பிரேசிலில் 1923-இல் முதல் பென்ஷன் நிதி ரயில்வே ஊழியருக்கு வந்தது. காபி துறைமுகம் போய்ச் சேர வேண்டுமே! இந்தியாவில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சட்டம் 1948, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டம் 1952. இரண்டும் ஆலைத் தொழிலாளியை நினைத்து எழுதியவை. வயலில் நிற்கிறவர் அதில் எங்கும் இல்லை.

அப்புறம் நடப்பதுதான் முக்கியம். முதல் வரிசையில் நின்றவர்கள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்வார்கள். வெளியே நிற்கும் பெரும் கூட்டத்துக்கு வேறொரு வரிசை, வேறொரு சட்டம், வேறொரு இலாகா என்று தனியாகக் கட்ட வேண்டிவரும். ஆக ஒரே நாட்டில் இரண்டு நலத்திட்ட உலகங்கள் உருவாகிவிடுகின்றன.

எங்கள் தெருவிலேயே காட்டுகிறேன். அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண் இரண்டும் உண்டு. மனைவிக்குப் பிரசவம் என்றால் அட்டையை நீட்டுவார். தம்பி பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மேஸ்திரி கையில் வாரக்கூலி. இரண்டு வருடம் முன்பு சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மேஸ்திரி ஐயாயிரம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். தம்பி நம் மாநிலக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்தான். ஆனால் வேலை கொடுத்தவர் யார், விபத்து எங்கே, சாட்சி யார் என்று கேட்டபோது எல்லாப் பதிலும் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1948-இல் யாரை மனசில் வைத்துச் சட்டம் எழுதினார்கள் என்பது இன்றைக்கும் அந்த ஒரு வீட்டை இரண்டாகப் பிரிக்கிறது.

கேள்வி: தென்கொரியாவும் அப்படித்தானே ஆரம்பித்தது? அங்கே மட்டும் எல்லாருக்கும் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. 1977-இல் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். 1989-இல் நாடு முழுக்க எல்லாருக்கும். பன்னிரண்டே வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் கிராமத்து ஆட்கள் கும்பல் கும்பலாக ஆலைக்குள் போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் வரிசையே வெளியே இருந்தவர்களை இழுத்துக்கொண்டது. 1987-இல் தெருப் போராட்டங்களால் ராணுவ ஆட்சி தளர்ந்ததும் மிச்ச வேலையை முடித்தது. நமக்கு அப்படி அமையவில்லை. ஓசூர் சிப்காட் எத்தனை பேரை இழுத்தாலும் இந்தியாவில் வேலை செய்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் முறைசாரா வேலையில்தான். பிடித்தம் செய்யச் சம்பளச் சீட்டே இல்லாதவரிடம் காப்பீட்டுப் பணம் எதிலிருந்து பிடிப்பது?

கேள்வி: காலனி ஆட்சிக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. யார் ஆண்டார்கள் என்பதைப் பொறுத்து அச்சு மாறியது. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடங்களில் வருங்கால வைப்பு நிதி என்ற வடிவம் பரவியது: மலாயா 1951, சிங்கப்பூர் 1955, இடையில் சுதந்திர இந்தியாவும் 1952-இல் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. உன் சம்பளம், உன் சேமிப்பு, முதலாளியின் பங்கு. அரசாங்கத்துக்குச் செலவு குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மேற்கு ஆப்பிரிக்காவில் 1950-களில் சம்பளக்காரருக்குக் குடும்பப்படி வந்தது, பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கும் பணம். பிரான்ஸ் தொழிலாளிக்கு என்ன உண்டோ அது எங்களுக்கும் வேண்டும் என்று அங்கத்திய தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்கியது. இரண்டு அச்சிலுமே விவசாயக் கூலிக்கு இடம் கிடையாது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது தென்னாப்பிரிக்காதான். 1928-இல் முதியோர் பென்ஷன் தொடங்கியபோது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும். கறுப்பின மக்களுக்கு 1944-இல்தான் திறந்தார்கள், அதுவும் மிகச் சிறிய தொகை. தொகை எல்லா இனத்துக்கும் ஒன்றானது 1993-இல். இனவெறிக்காகக் கட்டிய ஒரு கட்டடம், கதவைத் திறந்துவிட்டதும் வளரும் நாடுகளிலேயே பெரிய பென்ஷன் திட்டங்களில் ஒன்றாகிவிட்டது! காப்பீடாக இல்லாமல் வரிப் பணத்திலிருந்து கொடுக்கும் அமைப்பாக இருந்ததால்தான் இது முடிந்தது. சந்தா கட்டாதவர் என்று யாரையும் வெளியே நிறுத்த வேண்டியிருக்கவில்லை. 1998-இல் குழந்தைகளுக்கான மானியத்தையும் அதே கட்டடத்தின் மேல் ஒரு மாடியாக எழுப்பினார்கள்.

கேள்வி: அரசாங்கம் இல்லாத இடத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

சொந்தபந்தம், சாதி, மொய், வட்டிக்காரர். மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், அது ஒரு காப்பீட்டுக் கணக்குப் புத்தகம். நான் உனக்கு 500 எழுதினால் என் வீட்டு விசேஷத்துக்கு அது கூடுதலாகத் திரும்பி வர வேண்டும். ஒரு குறை: மழை பொய்த்தால் எல்லாருக்கும் ஒன்றாகப் பொய்க்கிறது. அந்த வருடம் மொய் எழுத யாரிடமும் காசு இருக்காது. அப்போது போவது பண்ணைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோதான், அதற்கு விலையாகத் தலை குனிந்து நிற்க வேண்டும். அரசாங்கம் பலவீனமாக இருக்கும் பல நாடுகளில் இன்றைக்கும் ஏழைக்குப் பாதுகாப்பு இப்படித்தான் கிடைக்கிறது.

வங்கதேசம் வேறு வழியில் போனது. 1971 போர், 1974 பஞ்சம், கஜானா காலி. அரசாங்கம் எட்டாத இடத்தில் தொண்டு நிறுவனங்கள் நுழைந்தன. 1972-இல் தொடங்கிய பிராக் என்ற நிறுவனம் வீடு வீடாகப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், இவ்வளவு தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்குக் கரைசல் கலக்கத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தது. அரசு செய்ய வேண்டிய வேலையைத் தொண்டு நிறுவனம் செய்து பழகியதால், அங்கே நலத்திட்டத்தின் உருவமே அப்படி ஆகிவிட்டது.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு இடம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது இங்கேதான், அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில். பணத்தில் ஒரு பங்கு ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்திலிருந்து வந்தது. வங்கதேசத்தில் தொண்டு நிறுவனம் நடத்திய மாதிரியான வேலையை இங்கே மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் கையில் எடுத்துக்கொண்டது. அதனால்தான் நம் ஊரில் குழு என்றால் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வருகிறது.

கேள்வி: ஜனநாயகம் இருந்தால் நலத்திட்டம் தானாக வளருமா?

தானாக வளராது. சர்வாதிகாரியும் கொடுப்பான், தேவைப்பட்டால். பிரேசிலில் கிராமத்து ஏழைகளுக்கு 1971-இல் முதல் பென்ஷன் கொடுத்தது ராணுவ ஆட்சி. கொரியக் காப்பீட்டைத் தொடங்கியதும் அங்கத்திய சர்வாதிகாரி பார்க் சுங் ஹீதான்.

தேர்தலால் நடப்பது வேறு. ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது கஷ்டமாகிவிடுகிறது. இலங்கைதான் இதற்குப் பாடம். 1931-இலேயே அங்கே ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு. 1942-இல், போர்க்காலத்தில், அரிசிப் பங்கீடு வந்தது. 1953-இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து (ரூபாயில் நூறில் ஒன்று ஒரு சதம்) 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு. கொஞ்ச நாளில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அதன்பின் 1979-இல் உணவு முத்திரையாக (உணவு வாங்கக் கொடுக்கும் சீட்டு) மாற்றும்வரை கால் நூற்றாண்டுக்கு அந்த அரிசியை எடுத்துவிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நம்மிடம் இரண்டு கட்சிகளின் போட்டி அந்த வேலையைச் செய்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் படி அரிசியைக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகாமல் நின்றது. ஆனால் அரிசி விலை என்பது ஆட்சியை மாற்றும் விஷயம் என்று எல்லாக் கட்சிகளுக்கும் புரிந்துபோனது. 1982 சத்துணவு, 2008 ஒரு ரூபாய் அரிசி, 2011 விலையில்லா அரிசி, 2022 காலை உணவு என்று ஒருவர் கட்டியதன் மேல் அடுத்தவர் கட்டினார்கள். பெயரை மாற்றினார்கள், படத்தை மாற்றினார்கள், திட்டத்தை எடுக்கவில்லை. போட்டி இவ்வளவு நெருக்கமாக இல்லாத வடமாநிலங்களிலும் தேர்தல் நடக்கத்தான் நடந்தது. ரேஷன் கடை அங்கே பல காலம் பூட்டியே கிடந்தது.

கேள்வி: சில நாட்டில் பணம், சில நாட்டில் ரொட்டி, நமக்கு அரிசி. இது எப்படி முடிவானது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உணவாகக் கொடுக்கும் நாடுகளைப் பார்த்தால், பின்னால் பெரும்பாலும் ஒரு பஞ்சமோ போரோ இருக்கும். பங்கீடு என்பது போர்க்காலத்துச் சொல். இந்தியாவில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் ஆரம்பித்தார்கள். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விவசாயியிடம் அரசு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்க வேண்டும், வாங்கியதைக் கிடங்கில் வைக்க வேண்டும், வைத்ததை எங்காவது தள்ள வேண்டும். ரேஷன் கடை ஏழைக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை கிடங்குக்கும். பணமாகக் கொடுத்துவிடலாமே என்று டெல்லியில் யாராவது சொன்னால் பஞ்சாப் விவசாயி கேட்பார்: என் கோதுமையை அப்புறம் யார் வாங்குவார்?

எகிப்தில் அந்த இடத்தில் ரொட்டி. 1977 ஜனவரியில் அதிபர் சதாத் மானியத்தைக் குறைத்தார், கெய்ரோ பற்றி எரிந்தது, இரண்டே நாளில் முடிவைத் திரும்பப் பெற்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் விலையை ஏற்றத் தயங்கி, ரொட்டி எடையைச் சத்தமில்லாமல் குறைத்தார்கள். பல பத்தாண்டுகள் 5 பியாஸ்தராக நின்ற ரொட்டி 2024 ஜூனில்தான் 20 ஆனது.

பணத்துக்கு மாறியவர்களைப் பார்த்தால் அங்கே வேறொரு நெருக்கடி இருக்கும். மெக்சிகோவில் 1994 கடைசியில் பெசோ விழுந்தது. நகரத்துச் சோளரொட்டி மானியம் கிராமத்து ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்ற புகார் ஏற்கெனவே இருந்தது. 1997-இல் தாய்மார் கையில் பணம் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள்: பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஈரான் 2010-இல் பெட்ரோல், ரொட்டி மானியத்தை வெட்டிவிட்டு, ஆளுக்கு மாதம் 45,500 தோமான் வங்கியில் போட்டது. விலை ஏற ஏற அந்தத் தொகை கரைந்துபோனது. அரிசி 20 கிலோ என்றால் விலை ஏறினாலும் 20 கிலோதான். எங்கள் வகுப்பில் பணமா அரிசியா என்று கை தூக்கச் சொன்னால், பெண்கள் பக்கம் அரிசிக்குத்தான் அதிகக் கை எழும்.

ஆனால் அரிசி என்பதே நம் மாவட்டத்தைக் கேட்டு எடுத்த முடிவு கிடையாது. இங்கே மானாவாரி நிலம். ராகியும் சாமையும் விளைந்த மண். ராகிக் களி தின்று வளர்ந்த கிழவிகளின் வீட்டில் ரேஷன் அரிசி வந்து ஒரு தலைமுறையில் சமையலே மாறிப்போனது. களி கிண்டும் துடுப்பு எங்கள் வீட்டில் பரணில் கிடக்கிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ ராகி என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளிடம் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்தால்தான் இது நடக்கும். கிடங்குதான் கடையை நடத்துகிறது என்று மேலே சொன்னேனே, இங்கேயும் அதேதான்.

கேள்வி: நிபந்தனை போட்டுக் கொடுப்பது நல்லதா?

இடத்தைப் பொறுத்தது. பிரேசிலில் 1995-இல் கம்பினாஸ் நகரமும் தலைநகர் பிரேசிலியாவும் தனித்தனியாக ஆரம்பித்த பள்ளி உதவித்தொகையை 2003-இல் அதிபர் லூலாவின் அரசு போல்சா ஃபமீலியா என்ற குடும்ப உதவித்தொகையாக ஒன்றாக்கியது. நிபந்தனை உண்டு, ஆனால் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் உடனே பணத்தை நிறுத்தாமல், முதலில் விசாரிக்க ஆள் வருவார். நம்மிடம் 1987-இலிருந்து இருக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியிலும் பரிசோதனை, தடுப்பூசி என்று தவணைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பள்ளியும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால் நிபந்தனை ஒரு தூண்டுதல். நம் மாவட்டத்துச் சித்தேரி மலையில் இருப்பவருக்கு அது இன்னொரு பஸ் செலவு.

கேள்வி: உலக வங்கி சொல்வதைத்தானே எல்லா நாடும் செய்கிறது?

கடனில் மூழ்கிய நாடு செய்யும். ஜாம்பியாவில் 1986-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) பேச்சைக் கேட்டு மக்காச்சோள மாவு மானியத்தை வெட்டினார்கள். செம்புச் சுரங்க ஊர்களில் கலவரம், மானியம் திரும்பி வந்தது. எத்தியோப்பியாவில் வருடா வருடம் வெளிநாட்டு உணவு மூட்டைக்குக் காத்திருந்த நிலைமையை மாற்ற 2005-இல் ஒரு பெரிய திட்டம் வந்தது: கரை கட்டு, குளம் வெட்டு, கூலியாகப் பணமோ தானியமோ வாங்கிக்கொள். கிட்டத்தட்ட நம் நூறு நாள் வேலை மாதிரி. அதற்கான இந்தியச் சட்டமும் அதே 2005-தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே பெரும்பங்குப் பணம் வெளிநாட்டுக் கொடையாளர்களுடையது. இங்கே வேலை கேட்பதை அந்தச் சட்டம் உரிமையாக்கியது. கொடுக்காவிட்டால் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரியும்.

வெளிநாட்டுப் பணம் என்றாலே கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். ஃபுளோரைடால் பல் கறுத்து, மூட்டு வளைந்து கிடந்த நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் 2013-இல் வந்தது ஜப்பானின் கடனில்தான்.

மேலே இருந்து சொன்னதைக் கேட்காமல் இருக்கவும் முடியும். 1997-இல் மத்திய அரசு, ஏழைக்கு மட்டும் ரேஷன் என்று வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. இதற்கு மாநிலம் சொந்தக் காசைப் போட வேண்டியிருந்தது. போட்டது.

கேள்வி: உண்மையான ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சம்பளச் சீட்டு இல்லாத நாட்டில் வருமானத்தை யாரும் பார்க்க முடியாது. அதனால் வருமானத்தின் நிழலைப் பார்க்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை முதல்வர் தொடங்கிவைத்தது நம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24-இல். அதன் விதிகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள். மின்மீட்டர் இங்கே வருமான வரி அதிகாரி வேலை பார்க்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று வீட்டுக்கும் சிக்கல்.

பிரேசில் 2001-இல் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரே பதிவேடு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாத் திட்டமும் அதே ஏட்டைப் பயன்படுத்தின. நம்மிடம் ஏடு நிறைய: ஸ்மார்ட் கார்டு, ஆதார், வறுமைக்கோட்டுப் பட்டியல், வாரிய அட்டை. ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

என் பெரியம்மா கதை இங்கே பொருந்தும். நாற்பது வருடம் புளி உடைத்த கை. உட்கார்ந்து, சுத்தியலால் கொட்டை தட்டி, நார் பிடுங்கி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனி வழவழவென்று இருக்கும், கண்ணாடி மாதிரி. கைரேகை மெஷினில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள், விழாது. எந்த வேலையைச் செய்து ஏழையாகவே இருந்தாரோ, அதே வேலைதான் அவர் அவர்தான் என்பதற்கான சாட்சியையும் அழித்துவிட்டது. மூன்று மாதம் முதியோர் பென்ஷன் பணம் நின்றது. கடைசியில் கண் பார்க்கும் மெஷின் இருந்த இடத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். போக வர ஆட்டோ 400 ரூபாய்.

கேள்வி: ஊரை விட்டு வேலைக்குப் போனவர்களின் நிலை?

எல்லா நாட்டிலும் மோசம்தான். ஏனென்றால் நலத்திட்டம் வீட்டு விலாசத்தோடு கட்டிப்போட்டது. சீனாவில் 1958-இலிருந்து குடும்பப் பதிவு முறை: கிராமத்தில் பதிந்தவர் ஷாங்காயில் இருபது வருடம் கட்டடம் கட்டினாலும் கிராமத்தவர்தான்; பிள்ளையை நகரத்துப் பள்ளியில் சேர்க்கவே போராட வேண்டும். நம்மிடம் அப்படிச் சட்டத் தடை இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் வந்த பிறகு தாளில் கதவு திறந்துவிட்டது. ஆனாலும் பெங்களூரில் ஷெட்டில் தங்கியிருக்கும் பென்னாகரத்துக் குடும்பம் அரிசியை ஊரில்தான் வாங்கி மூட்டையாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறது. ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள்.

கேள்வி: இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்கிறார்களே?

20 கிலோ அரிசி கிடைக்கிறது என்று வேலைக்குப் போகாமல் உட்கார்ந்த ஒரு ஆளை எங்கள் ஊரில் எனக்குக் காட்டுங்கள், அப்புறம் பேசுவோம். கூலி ஆள் கிடைக்கவில்லை என்பது வேறு. அரைக்கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே அதன் முழு வாக்கியம்.

கேள்வி: சில நாடுகளில் பென்ஷன் விலைவாசியோடு ஏறுகிறது. நம்மிடம் ஏன் அப்படியே நிற்கிறது?

எங்கே எழுதி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ராணுவ ஆட்சி போனபின் பிரேசில் 1988-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே, பென்ஷன் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். கூலி ஏறினால் பென்ஷன் தானாக ஏறும். கிராமத்து விவசாயிக்கும் அதுவே. அதை மாற்றுவதானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும்.

நம்மிடம் அது ஓர் அரசாணை. மத்திய அரசு 1995-இல் 75 ரூபாய் கொடுத்தது, 2006-இல் 200 ஆக்கியது; 60 முதல் 79 வயதுக்காரருக்கு அதன்பின் அந்த 200 அசையவில்லை. 80 ஆனவருக்கு 2011-இலிருந்து 500. மிச்சத்தை மாநிலம் போட்டு 1,000 ஆக்கியது, 2023 ஆகஸ்டில் 1,200.

பெரியம்மாவுக்கு 2024 வைகாசியில் எண்பது முடிந்தது. டெல்லியின் பங்கு 200-லிருந்து 500 ஆகும் என்று நான் கணக்குச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். 300 ரூபாய் கூடுதலாக வரும் என்று நினைத்துவிட்டார். கைக்கு வந்தது அதே 1,200. டெல்லி 300 கூட்டியது, சென்னை 300 குறைத்துக்கொண்டது.